வீட்டு வரி கேட்கும் மன்றத்தை யார் கேள்வி கேட்பது?

ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி முடிவதற்குள்ளும் ஆகஸ்டு முடிவதற்குள்ளும், மதிப்பீட்டு வரியைக் கட்டச் சொல்லி வீட்டுக்குப் பில் வருகிறது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்கூட இந்த வரியைக் கட்டுகிறார். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டத்தான் செய்கிறார். அந்தப் பணத்தில்தான் தாமான்களின் சாக்கடை சுத்தம் செய்யப்படுகிறது, புல் வெட்டப்படுகிறது, தெருவிளக்கு எரிகிறது. சாலையோர ஒட்டுக்கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும், கோயில் மண்டபத்தின் கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பதும், மின்சுடலைக்கு இடம் காட்டுவதும் பெரும்பாலும் இதே மன்றங்கள்தான். ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையைப் புத்ராஜெயாவைவிட அதிகமாகத் தொடும் அரசாங்கம் இது. ஆனால், மன்றத்தில் யார் உட்கார வேண்டும் என்று அந்தக் குடும்பத்திடம் யாரும் கேட்பதில்லை. கேட்பதை நிறுத்தி 60 ஆண்டுகள் ஆகிவிட்டன.

தீபகற்ப மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965 மார்ச் மாதம் நிறுத்தப்பட்டன. இந்தோனேசியாவுடனான மோதல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வாக்களித்தார். மோதல் 1966இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

இடைப்பட்ட காலத்தில் ஒரு விசாரணை நடந்தது. ஜார்ஜ் டவுன், சிரம்பான் போன்ற மன்றங்களின் நிர்வாகத்தில் முறைகேடுகள் நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அவை எதிர்க்கட்சிகளின் கையில் இருந்த மன்றங்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் அத்தி நாகப்பன், ம.இ.கா.வைச் சேர்ந்த தமிழர், வழக்கறிஞர். ஆணையம் 1968 டிசம்பரில் அறிக்கையை ஒப்படைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் உண்டு, ஆனால் அந்தக் குறைகளோடு சேர்த்துப் பார்த்தாலும் நியமன மன்றங்களைவிட அவையே மேல் என்பதுதான் அதன் முடிவின் சாரம். ஆளும் கூட்டணிக்குள் இருந்த ஒருவரின் தலைமையில் இயங்கிய ஆணையம் இப்படிச் சொன்னது சாதாரண விஷயமல்ல. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வந்ததே 1971இல்தான். பிறகு வந்த 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, தன் 15ஆவது பிரிவின் மூலம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அத்தி நாகப்பனைச் சமூகம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய கணவர் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கையை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஊராட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் அது ஏதோ ஜ.செ.க.வின் கோரிக்கை, சீனர்களின் கோரிக்கை என்று ஒதுக்கப்படுகிறது. அந்தக் கோரிக்கைக்கு நாட்டில் இருக்கும் மிகக் கனமான ஆவணத்தின் மேல் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது.

தேர்தல் நடந்த காலத்தில் தமிழர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜார்ஜ் டவுன் 1957 ஜனவரி 1ஆம் தேதி மாநகரானது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திலிருந்து அதன் முதல் மேயராக வந்தவர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். ராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. ஈப்போவில் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைப் பிடித்தது. இலங்கைத் தமிழ் வழிவந்த டி.ஆர். சீனிவாசகம் அதற்குத் தலைமை தாங்கினார். இரண்டுமே சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊர்கள். தமிழ் ஓட்டை மட்டும் எண்ணியிருந்தால் இருவரும் அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது.

அந்த மேயர் பதவிக்கு மீண்டும் ஓர் இந்தியர் வந்தது 2023இல், ராஜேந்திரன் பி. அந்தோணி பினாங்குத் தீவு மாநகர் மன்ற மேயராக நியமிக்கப்பட்டபோது. சமூகம் மகிழ்ந்ததில் தவறில்லை. மன்றத்திலேயே பணியாற்றி உயர்ந்த அதிகாரி அவர். ஆனால் இரண்டு பதவிகளும் ஒன்றல்ல. ராமநாதனைப் பதவியிலிருந்து இறக்கும் வலிமை ஊர் மக்களின் ஓட்டில் இருந்தது. இன்று எந்த மேயரையும் மாநில அரசாங்கம்தான் ஏற்றுகிறது, இறக்குகிறது.

இதுவரை சொன்னது பட்டணத்துத் தமிழர்களின் கதை. தோட்டத்துத் தமிழர்களின் கதை வேறு. அவர்களுக்கு இழப்பதற்கே ஊராட்சித் தேர்தல் கிடைத்ததில்லை.

அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமங்களுக்கு 1952ஆம் ஆண்டு உள்ளூர் மன்றச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. கிராமத்தார் ஓட்டுப் போட்டுத் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறிய வரி வசூலித்துச் சாலையையும் சந்தையையும் பார்த்துக்கொண்டார்கள். அங்கே வளர்ந்த ஒரு தலைமுறை கூட்டம் நடத்தவும் கணக்குக் கேட்கவும் பழகியது. தோட்டம் தனியார் நிலம். அங்கே மன்றம் இல்லை, துரை இருந்தார். தண்ணீர்க் குழாயா, லயத்துக் கூரையா, குழந்தைக் காப்பகமா, எல்லாம் ஆபீசுக்குப் போய்க் கேட்க வேண்டியது. கிராணியும் மண்டோரும் தாண்டிப் போக வேண்டியது. தொழிற்சங்கம் சம்பளத்துக்குப் போராடியது. சாக்கடைக்கு ஓட்டு என்ற ஒன்றை யாரும் தரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமப்புற மேம்பாடு என்று கோடிக்கணக்கில் செலவானபோதும் அதே காரணம் சொல்லப்பட்டது: தோட்டம் தனியார் இடம், அங்கே செய்ய வேண்டியது கம்பெனி. வீடு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றுக்குக் கம்பெனியைப் பொறுப்பாக்கும் 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் அதே பாதையில்தான் போனது. அது தோட்டத்து மனிதரைத் தொழிலாளியாகப் பார்த்தது, ஊர்வாசியாகப் பார்க்கவில்லை. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அந்த உரிமைகளும் போகும்.

பிறகு வேலையும் போனது, வீடும் போனது. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறின. புத்ராஜெயாவே பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலம்தான்; அங்கே வாழ்ந்தவர்கள் டெங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். இப்படித் தோட்டத்திலிருந்து வெளியேறிய லட்சக்கணக்கானோர் வாழ்க்கையில் முதல் முறையாக நகராண்மைக் கழகங்களின் எல்லைக்குள் வந்து சேர்ந்தபோது, அங்கே தேர்தல் ஒழிக்கப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. துரையின் ஆபீசிலிருந்து கிளம்பி, கட்சி நியமித்த உறுப்பினரின் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு இடத்திலும் செய்ய முடிந்தது ஒன்றுதான்: மனு.

அந்த நியமனம் எப்படி நடக்கிறது? சட்டத்தின் 10ஆவது பிரிவு ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம் என்கிறது. ஊராட்சியில் அனுபவம் உள்ளவர்கள், தொழிலில் சிறந்தவர்கள், அல்லது தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவர்கள் என்று தகுதி வகுக்கிறது. பெரும்பான்மையோர் அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் மாநிலத்தை ஆளும் கூட்டணி இடங்களைக் கட்சிவாரியாகப் பிரிக்கிறது. இந்தக் கட்சிக்கு இத்தனை, அந்தக் கட்சிக்கு இத்தனை. ஒவ்வொரு கட்சியும் தன் பங்குக்குள் இந்தியருக்கு ஒன்றோ இரண்டோ ஒதுக்குகிறது. தேசிய முன்னணி காலத்தில் அது ம.இ.கா. கிளைத் தலைவருக்கான பரிசு. 2008இல் ஆட்சி மாறிய மாநிலங்களில் அரசு சாரா அமைப்பினர் சிலருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் நாளடைவில் பரிசு வாங்குபவரின் கட்சிச் சட்டையின் நிறம் மாறியதுதான் மிச்சம் என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் சொல்வது முழுக்கப் பொய்யில்லை.

இதில் நல்ல உறுப்பினர்களே இல்லை என்று சொல்ல முடியாது. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தாலும் காலையில் அடைபட்ட சாக்கடையைத் திறந்துவிடும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நல்லவர் ஊர் மக்களுக்கு எவ்வளவு உழைத்தாலும், கட்சிக் கிளைத் தேர்தலில் தவறான அணியில் நின்றால் அடுத்த தவணையில் பெயர் இருக்காது. மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு தவணை போகக் கூடாது என்பது சட்டம். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் பட்டியல் மாறும். மாறியது ஏன் என்று வட்டாரத்து மக்களிடம் யாரும் சொல்வதில்லை. உழைக்காதவர் பெயர் தொடர்ந்து இருப்பது ஏன் என்றும் சொல்வதில்லை.

ஓட்டு இல்லாத இடத்தில் கோபம் எங்கே போகும் என்பதற்கு 2007 ஓர் உதாரணம். அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் கம்போங் ரிம்பா ஜெயா மாரியம்மன் கோயிலை இடித்தது மாநகர் மன்றம். குடியிருப்பையும் கோயிலையும் பற்றி முடிவெடுத்த அந்த மன்றத்தில் ஒருவரைக்கூட அங்கிருந்த மக்கள் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு தோற்கடிக்க ஒருவரும் இல்லை. நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்ச் சாலைகளில் ஹிண்ட்ராப் பேரணி நடந்தது. 2008 மார்ச் 8ஆம் தேதி பொதுத் தேர்தலில் சிலாங்கூர் ஆட்சி கவிழ்ந்தது; சுங்கை சிப்புட்டில் ச. சாமிவேலுவும் தோற்றார். பேரணிக்குக் கோயில் மட்டும் காரணமல்ல, நெடுங்காலக் குறைகள் பல இருந்தன. ஆனாலும் நகர மன்றத்தில் தீர்ந்திருக்க வேண்டிய ஒரு விவகாரம் மந்திரி பெசாரின் நாற்காலி வரை போக வேண்டியிருந்தது. இடையில் கேட்க வேறு வாசல் இல்லை.

தேர்தலை எதிர்ப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இனக்கலவரம். 2015 ஜனவரியில் பாஸ் தலைவர் அப்துல் ஹாடி அவாங், ஊராட்சித் தேர்தல் இன்னொரு மே 13க்கு வழி வைக்கலாம் என்று எச்சரித்தார். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் துன் மகாதீரும் இன அடிப்படையிலான பிளவைக் காரணம் காட்டித் தேர்தல் யோசனையை ஒதுக்கினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய அமைச்சரவையில் இருந்த சுரைடா கமாருடின் மூன்று ஆண்டுக்குள் தேர்தல் என்று பேசியிருந்தார். மே 13 நடந்தது 1969இல், நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்குப் பின். ஊராட்சித் தேர்தல் அப்போது நான்கு ஆண்டுகளாக நடைபெறவே இல்லை. நாட்காட்டியைப் புரட்டினாலே உதிர்ந்துவிடும் வாதம் இது. இதையே காரணமாக்கினால் பொதுத் தேர்தலைத்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நீதிமன்ற வழியும் முயலப்பட்டது. பினாங்கு சட்டமன்றம் 2012இல் தன் மாநிலத்துக்கு ஊராட்சித் தேர்தல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் பினாங்கின் மனுவைத் தள்ளுபடி செய்தது. கூட்டரசுச் சட்டம் தடுக்கும்வரை மாநிலம் தனித்துச் செய்ய இயலாது என்பது அதனால் தெளிவானது. சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது.

தமிழர்கள் தங்களுக்குள் பேச வேண்டிய தயக்கம் வேறு. தேர்தல் வந்தால் இப்போது இருக்கும் ஒன்றிரண்டு ஒதுக்கீட்டு இடமும் போய்விடுமே என்ற பயம் சமூகத்தில் உண்டு. இது வெறும் பயமல்ல, கணக்கு. நாட்டு மக்கள்தொகையில் இந்தியர் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு தொகுதியில்கூடப் பெரும்பான்மை இல்லாத சமூகம். வட்டாரங்களைப் பெரிதாக வரைந்தால் இந்திய வேட்பாளரைக் கட்சிகள் கடைசியில்தான் தேடும். ஆனால் வட்டாரங்களைச் சிறிதாக வரைந்தால் கதை மாறும். கிள்ளான், செந்தோசா, பட்டர்வொர்த், சுங்கை சிப்புட் போன்ற இடங்களில் ஓர் அடுக்குமாடித் தொகுதி, இரண்டு தாமான் என்ற அளவில் தமிழர்கள் நெருங்கி வாழ்கிறார்கள். அங்கே அவர்கள் ஓட்டு இல்லாமல் எவரும் ஜெயிக்க முடியாது. ஜெயிப்பவர் தமிழராக இருப்பதைவிட, தமிழர் ஓட்டுக்குப் பயப்படுபவராக இருப்பது சாக்கடைக்கு அதிக நன்மை. ஈப்போவும் ஜார்ஜ் டவுனும் காட்டியதுபோல, வேலை தெரிந்த தமிழருக்குப் பிறர் ஓட்டும் விழும். எனவே தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்பதைப் போலவே, எல்லை எப்படி வரையப்படும் என்பதும் இந்தச் சமூகத்துக்கு உயிர்நாடியான கேள்வி. அதைப் பற்றி இந்தியக் கட்சிகள் எதுவும் ஒரு வரைவைப் பொதுவில் வைத்து விவாதித்ததாகத் தெரியவில்லை.

ஓர் ஊராட்சித் தேர்தல் மட்டும் தமிழர்கள் வீட்டு வாசலில் ஆண்டுதோறும் நடக்கிறது. அது அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளர்களே கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 3 முதல் 14 பேர் வரை இருக்கலாம். லிப்ட் ஓடுமா, தண்ணீர்த் தொட்டி கழுவப்படுமா, கார் நிறுத்தும் இடத்தில் யாருக்கு இடம் என்பதெல்லாம் அந்தக் குழுவின் கையில். ஆனால் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை. மலிவு விலை அடுக்குமாடிகளில் பாக்கி வைக்காதவர்கள் எத்தனை பேர்? லிப்ட் ஓடாததால் பணம் கட்டுவதில்லை, பணம் கட்டாததால் லிப்ட் ஓடுவதில்லை. மீதமுள்ள பத்திருபது பேர் கூடி, ஆண்டாண்டாக அதே குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்கோ உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் உள்ளே வேலையே இல்லை. ஊராட்சிச் சீர்திருத்தம் பேசும் சமூக இயக்கங்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது. ஒரு புளோக்கில் 30 குடும்பங்கள் பாக்கியைத் தவணையில் தீர்த்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தால் குழு மாறும். புத்ராஜெயாவின் அனுமதி இதற்குத் தேவையில்லை.

மன்றங்களிலும் சட்டம் சில கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. சட்டம் 171இன் 23ஆவது பிரிவின்படி, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. 27ஆவது பிரிவு கூட்டக் குறிப்பைப் பார்வையிடவும், கட்டணம் கட்டிப் படி வாங்கவும் வரி கட்டுபவருக்கு உரிமை தருகிறது. வீட்டு வரியை உயர்த்தும் புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வந்தால், குறித்த நாளுக்கு 14 நாட்களுக்கு முன்னரே எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம் என்கிறது 142ஆவது பிரிவு. மன்றத்தின் பதிலில் திருப்தி இல்லாவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். வரி உயர்ந்தபின் காப்பிக்கடையில் கொதிப்பவர்கள் அதிகம். அந்த 14 நாள் கணக்கைத் தெரிந்தவர்கள் குறைவு. தேசிய மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுத உதவ ஒரு கோயில் நிர்வாகமோ குடியிருப்போர் சங்கமோ வட்டாரத்துக்கு இரண்டு மாலை ஒதுக்கினால் போதும்.

ஆனால் 23ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. திறந்த கூட்டம் என்பது முழு மன்றத்துக்குத்தான். செயற்குழுக்களுக்கு, அவை தாமாக முடிவு செய்தால் ஒழிய, பொருந்தாது. லைசென்ஸ், கட்டட வரைபடம், குத்தகை போன்றவை பேசப்படுவது பெரும்பாலும் அந்தக் குழுக்களில்தான். முழுக் கூட்டத்துக்கு வரும்போது முடிவு தயாராக இருக்கும், கை தூக்குவது மட்டும் பாக்கி. தேர்தலுக்கு நாடாளுமன்றம் வேண்டும். குழுக் கூட்டக் கதவைத் திறக்கவோ, உறுப்பினர் ஒவ்வொருவரின் வட்டாரத்தையும் வருகைப் பதிவையும் மன்ற முகப்பில் ஒட்டவோ, மாநில ஆட்சிக்குழுவின் ஓர் உத்தரவு போதும். சிலாங்கூரில் இந்தியர் கிராமத் தலைவர்களை நியமிக்க முடிந்த மாநில அரசாங்கத்துக்கு, அந்தக் கிராமத் தலைவரை வட்டாரத்து மக்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்க விடுவதும் முடியாத காரியமல்ல.

அடுத்த நியமனப் பட்டியலுக்கான பெயர்கள் இப்போதும் கட்சித் தலைமையகங்களில்தான் திரட்டப்படும். அதற்கு முன் வட்டாரத்து மக்களிடம் ஒரு கூட்டம் வைத்துப் பெயர் கேட்டுவிட்டு வரச் சொல்லி, தங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதிய ஆலயங்கள், சங்கங்கள் எத்தனை என்று அவற்றின் நிர்வாகங்களே கணக்கெடுத்துப் பார்க்கலாம்.